தண்ணீர்ச் செம்பு எங்கே இருந்தது

தனலெட்சுமிக்கு இருபத்தைந்துக்கு எட்டு. விஸ்வலிங்கம் சார் விடைத்தாளைத் தள்ளிவிட்டது எச்சில் தட்டை நகர்த்துவதுபோல் இருந்தது.

அவள் பினாங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாள். படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டுவது, துடைப்பது, ஊட்டுவது அவள் வேலை. தாதிப் பயிற்சிக்கு மனுப்போட, எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வில் ஒரு பாடத்தில் கிரெடிட், அதாவது நல்ல தேர்ச்சி, குறைந்தது. அதற்காகத்தான் எண்பத்தாறாம் ஆண்டில், சுங்கை பினாங்கிலிருந்து சனிக்கிழமைதோறும் தமிழ் இலக்கிய வகுப்புக்கு வந்தாள். வயது வரம்பு நெருங்கிவிட்டது. இந்த முறை தவறினால் மறுமுறை கிடையாது.

மாதிரித் தேர்வில் வந்த பகுதி இது: நோயாளி மனைவியைப் பற்றி மாரிமுத்து என்பவன் வாசலில் நின்று போவோர் வருவோரிடம் கண்கலங்கிப் பேசுகிறான். உள்ளே அவள் உதடு வெடித்துக் கிடக்கிறாள். தண்ணீர்ச் செம்பு எட்டாத ஜன்னல் மேட்டில் இருக்கிறது. கணவனின் பண்பை விளக்க வேண்டும்.

பாசம் என்று எது வந்தாலும் எழுதச்சொல்லி சார் ஒரு கட்டுரையை மனப்பாடம் செய்யவைத்திருந்தார். 'அன்பெனும் கடலில் மூழ்கி முத்தெடுத்த' என்று தொடங்கும். வகுப்பே அதை எழுதிப் பதினெட்டும் பத்தொன்பதும் வாங்கியது.

"சார், பொண்டாட்டி தண்ணியில்லாம கிடக்கிறா. அவன் அன்புக் கடலா?"

"பரீட்சையில அழகா எழுதணும் தனம். நீ சண்டை போட்டு வச்சிருக்கே."

"செம்பு ஜன்னல்ல இருக்கு சார். படுத்துக் கிடக்கிறவ கை எப்படி எட்டும்?"

"அதெல்லாம் திருத்துறவங்க பார்க்கமாட்டாங்க."

பஸ் நிறுத்தத்திலும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. உடன் படிக்கும் முகம்மது சுல்தான், அப்பாவின் மளிகைக்கடையைப் பார்த்துக்கொள்பவன், தாளை வாங்கிப் படித்துச் சிரித்தான்.

"அக்கா, அயோக்கியன் அயோக்கியன்னு பக்கம் பூரா எழுதியிருக்கீங்க. செம்பைப் பத்தி ஒரு வரி இல்லையே."

"படிக்கிறவனுக்குக் கண்ணில்லையா?"

"சார்கிட்ட சொன்னதைத் தாள்ல சொல்லியிருக்கலாம்ல. திட்டு எங்க கடையில இனாமாவே கிடைக்கும்."

"நீ எவ்வளவு வாங்கினே?"

"பத்தொன்பது. நானும் கடல்லதான் முங்கினேன்."

பஸ்ஸில் நின்றபடியே அவள் தாளைத் திரும்பப் படித்தாள். அவன் சொன்னது உண்மைதான். இல்லத்தில், படுக்கைப் புண் எங்கே, எத்தனை அகலம் என்று சொல்லாமல் 'கவனிப்பு சரியில்லை' என்று கத்தினால் சிஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அது தெரிந்தவளே, கோபத்தில் இங்கே வெறுமனே கத்தியிருந்தாள். எட்டு சரிதான். சார் சொன்ன காரணம்தான் தப்பு. அவர் சரியான காரணம் சொல்லியிருந்தால் அவளுக்கு இத்தனை எரிந்திருக்காது.

தேர்வு நாளில் வந்த பகுதியில், பட்டணத்து மகன் தாய்க்குப் புதுச்சேலை கொண்டுவருகிறான். அவள் அதைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, மழையில் நனைந்த அவன் சட்டையைப் பிழிந்து காயப்போடுகிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

தாளைப் புரட்டிய கையோடு அறை முழுவதும் பேனாக்கள் ஓடின. தனலெட்சுமியின் கையும் 'அன்பெனும்' என்று எழுதிவிட்டது. சார் சொன்னதே சரியென்றால்? தாதிச் சீருடை இனி கனவிலும் கிடையாது. பயந்தாள். பிறகு அந்தச் சொல்லை அடித்தாள். சேலை பிரிக்கப்படவில்லை என்ற வரியை எடுத்து எழுதி, அது எதைக் காட்டுகிறது என்று விளக்கினாள். அடுத்து ஈரச்சட்டை, அதன்பின் அந்த மௌனம். பகுதியில் இல்லாத ஒன்றையும் சேர்க்கவில்லை.

கிரெடிட் வந்தது. பயிற்சிக்கும் இடம் கிடைத்தது. அந்த வாரமே சுல்தான் வந்து சொன்னான்: "சார் புது வகுப்புல உங்க பேரைச் சொல்றாருக்கா. கடல் கட்டுரைய எழுதித்தான் தனம் பாஸ்னு."

சனிக்கிழமை வேலைக்குப் போகும் வழியில் அவள் வகுப்பு வாசலில் நின்றாள். புது மாணவர்கள் 'அன்பெனும் கடலில்' என்று ஒரே குரலில் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார்," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "உங்க கடல்ல நான் காலைக்கூட நனைக்கலை. என் பேரை விட்டுடுங்க."

அவர் பதில் சொல்லுமுன் கிளம்பிவிட்டாள். இல்லத்தில் கஞ்சி ஊட்டும் நேரம்.