மறுத்தவள் ஆடக் கூடாது

மொரீன் டக்வெல்லுக்கு இங்கிலாந்தின் பாத் நகரில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளர் வேலை. பகலில் வீங்கிய கன்னங்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பாள். மற்ற நேரமெல்லாம் இருநூறு வருடம் பின்னால் போய், ரீஜன்சி காலத்தில் குடியிருப்பாள். அந்தக் காலத்து நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள். சீமாட்டிகள் யார் வீட்டில் எவ்வளவு நேரம் உட்காரலாம், கையுறையை எப்போது கழற்றலாம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைக்க வேண்டும் என்று கேட்டால் மட்டும் கணவன் கிளைவின் முகத்தைப் பார்ப்பாள். கிளைவ் பஸ் ஓட்டுகிறவன்.

நாவலை ஒரு பதிப்பாளர் ஏற்றுக்கொண்டுவிட்டார். மாதக் கடைசியில் கொடுத்தாக வேண்டும். கதையின் உயிரே நடன விருந்துதான். யாருக்கும் மறுப்புச் சொல்லியறியாத லெட்டிஸ், ஆட அழைக்கும் வழுக்கைப் பாதிரியாரிடம் முதல்முறையாக முடியாது என்கிறாள். அடுத்த நிமிடம் தான் விரும்பும் கேப்டனின் கையைப் பிடித்து ஆடப் போகிறாள்.

ஆராய்ச்சிக்காகவே மொரீன் ஒரு பழங்கால நடனக் குழுவில் சேர்ந்திருந்தாள். தேநீர் இடைவேளையில் இந்தக் காட்சியைப் பெருமையாகச் சொன்னபோது, நடனம் சொல்லிக்கொடுக்கும் பிலிப்பா கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

"பாதிரியாரை வேண்டாம்னுட்டாளா? அப்போ அன்னிக்கு அவ யார்கூடவும் ஆட முடியாதேம்மா. ஒருத்தரை மறுத்துட்டு இன்னொருத்தர்கூட ஆடினா, முதல் ஆளைச் சபையில வெச்சு முகத்துல அடிச்ச மாதிரி. மறுத்தவ உட்கார்ந்துதான் இருக்கணும்."

மொரீன் தன் கோப்பையையும் கீழே வைத்தாள். இவ்வளவு படித்தும் இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? அந்தக் காலத்து நாவல்களைப் படிக்கிறவர்கள் ஒரு பொத்தான் இடம் மாறினாலே எழுத்தாளரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார்கள்.

வீட்டில் உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டே அழுதாள்.

"பாதிரியாருக்கு வயித்துப்போக்கு வர வெச்சிடு, கேக்கவே வரமாட்டார்" என்றான் கிளைவ்.

"அவ முடியாதுன்னு சொல்றதுதான் கதையே. உனக்கென்ன தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சது பஸ்ஸும் வயித்துப்போக்கும்தான், எழுத்தாளரம்மா."

குழுவின் வசந்த விருந்து சனிக்கிழமை மதியம் தேவாலயக் கூடத்தில் நடந்தது. உடை, பேச்சு, விதி எல்லாம் அந்தக் காலத்துப்படியே. வரித்துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஜெரால்ட், காலை மிதிப்பதில் பேர்போனவர், வந்து குனிந்து மொரீனை ஆட அழைத்தார். முழங்கால் வலி என்று சொல்லி அவள் நழுவிக்கொண்டாள்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. வால் வைத்த கோட்டும் இறுக்கமான கால்சட்டையுமாகக் கிளைவ் நின்றான். செத்தாலும் இதைப் போடமாட்டேன் என்றவன் நேரே வந்து அவள்முன் குனிந்து கையை நீட்டினான். மொரீன் பாதி எழுந்துவிட்டாள். பிலிப்பா தொண்டையைச் செருமினார்.

மொரீன் திரும்ப உட்கார்ந்து, ஜெரால்டை மறுத்துவிட்ட விஷயத்தைச் சொன்னாள்.

"அடிப்பாவி, பிலிப்பாகிட்ட ரகசியமா கத்துக்கிட்டு, டிப்போல டிரைவருங்க சிரிக்கச் சிரிக்கக் குதிச்சுப் பழகினேனே."

"நீங்க ஆடலாமே சார். நிறைய பெண்கள் துணையில்லாம நிக்கறாங்க" என்றார் பிலிப்பா.

"வேண்டாங்க, நான் இங்கயே இருக்கேன்."

கால்சட்டை விட்டுக்கொடுத்த அளவுக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு நடனம் முடிந்தது, அடுத்தது தொடங்கியது. விசிறிகளுக்குப் பின்னால் குசுகுசுவென்று பேச்சு. அவன் பழகி வைத்திருந்த ஆட்டமெல்லாம் கண்ணெதிரே ஒவ்வொன்றாகப் போயிற்று. ஷூ முனையால் தாளம் போட்டானே தவிர எழவில்லை.

"ஒரே ஒரு ஆட்டம் ஆடிட்டு வாயேன், கிளைவ். பாவம், இவ்வளவு பழகியிருக்கே."

"உன்கூட ஆடத்தானே பழகினேன்."

மொரீனுக்குக் காதுவரை சூடேறியது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இப்படி வெட்கப்பட்டதாக நினைவில்லை. கைபிடித்து ஆட எவனாலும் முடியும். ஊரே பார்க்க, ஆடாமல் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? லெட்டிஸ் மறுக்கட்டும், மறுத்துவிட்டு விதிப்படி உட்காரட்டும். கேப்டனும் வந்து உட்காருவான், கடைசி ஆட்டம்வரை எழமாட்டான். காதலைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

நாளைக்கே எழுதிவிடலாம். இப்போதைக்கு அவள் கையுறையைக் கழற்றிவிட்டுக் கிளைவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சபை நடுவே அதுவும் அந்தக் காலத்தில் கூடாதுதான். பிலிப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.