என் முழங்காலுக்குச் சாட்சி சொன்ன தெரு

எனக்குப் புற்றுநோய் இருப்பதாக உறுதிப்படுத்த முடியவில்லை என்று காப்புறுதிக் கம்பனியிலிருந்து கடிதம் வந்தபோது, ஐந்தாவது கீமோ ஏற்றி நான்கு நாள் ஆகியிருந்தது. வாய் முழுக்கப் புண். ஆறிப்போன சவ்வரிசிக் கஞ்சியைக் கரண்டி நுனியால் நக்கிக்கொண்டிருந்தேன். கணவர் கடிதத்தைப் பிரித்து வாசித்தார், மடித்தார், மறுபடி பிரித்தார்.

"என்னவாம்?" என்றேன்.

"ஒண்டுமில்ல. நீங்க கஞ்சியக் குடிங்க."

முப்பத்தொரு வருடம் மனையியல் படிப்பித்து, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே கள்ளத்தைப் பிடித்தவள் நான். கையை நீட்டினேன். கொடுத்துவிட்டார்.

அயலவரிடம் மேற்கொண்ட விசாரணையின் பிரகாரம், காப்புறுதிதாரருக்கு முழங்கால் உபாதை தவிர வேறு பாரதூரமான நோய் இருப்பதாகத் தெரியவரவில்லையாம். ஆகவே ஊசி மருந்துக்கான அங்கீகாரம் இடைநிறுத்தப்படுகிறதாம். ஒரு பக்கக் கடிதத்தில் நாலு எழுத்துப் பிழை. சிவப்புப் பேனையை எடுத்து நாலையும் வட்டம் போட்டேன். அந்த நேரத்தில் என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான். ஆனாலும் அன்றைக்கு அதைக் கம்பனி மேல் முழுதாகக் கொட்ட முடியவில்லை. அந்த முழங்கால் வருத்தத்தை உண்டாக்கியதே நாங்கள்தான்.

எங்கள் வீடு அக்குறணையில், மாத்தளை றோட்டிலிருந்து நாற்பத்திரண்டு படி ஏறிப் போகவேண்டிய மேட்டில் இருக்கிறது. கீழே றோட்டோரத்தில் கணவரின் பாத்திரக் கடை. வலது மார்பில் கட்டி என்று தெரிந்த கிழமையில், மகளுக்குப் பிலிமத்தலாவையில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பையனும் நல்ல பையன், குடும்பமும் நல்ல குடும்பம் என்று எல்லோரும் சொன்னார்கள். பயொப்சி முடிவு வந்த அன்று என் மூத்த சகோதரி, ராத்தா, வந்து, கதவைச் சாத்தி, ஒரே தீர்ப்பாகச் சொல்லிவிட்டார்.

"அந்தப் பேர வாயால எடுக்க வேணாம். உம்மாவுக்கு வந்தா மகளுக்கும் வரும் எண்டு செல்லுவாங்க. நிக்காஹ் முடியும் வரைக்கும் முழங்கால் வருத்தம்."

எங்கள் பக்கத்தில் யாருமே அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'பெரிய வருத்தம்' என்பார்கள், இல்லாவிட்டால் குரலைத் தாழ்த்தி 'அது' என்பார்கள். ஆகவே நான் கிழமைக்கொரு தரம் பேராதனைக்கு முழங்காலுக்கு மருந்தெடுக்கப் போகிறவளானேன். சத்திரசிகிச்சையும் முழங்காலுக்குத்தான். தலைமயிர் கொட்டியது, தலையில் கட்டிய ஸ்காப்புக்குள்ளே கொட்டியதால் யாருக்கும் தெரியவில்லை. படியில் ஏழெட்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். முழங்கால் என்று சொல்ல அதுவும் வசதியாகப் போயிற்று. தெருவிலிருந்து முழங்கால் எண்ணெய் வந்துகொண்டேயிருந்தது. ஏழு போத்தல். ஒவ்வொருத்தியும் எண்ணெயைக் கொண்டுவந்து தந்துவிட்டு, அரை மணித்தியாலம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுப் போனாள். எண்ணெய் வாசம் பிடிக்காமல் எனக்குக் குமட்டும். பேசாமல் வாங்கி அலுமாரியில் வைப்பேன்.

சத்திரசிகிச்சையும் கீமோவும் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு சதம் இல்லாமல் நடந்தன. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குப் போடவேண்டிய ஊசியை நாங்கள்தான் வெளியில் வாங்க வேண்டியிருந்தது. விலையைக் கேட்டதும் கணவர் நின்ற இடத்திலேயே உட்காரக் கதிரையைத் தேடினார். நல்ல காலம், என்னிடம் படித்த ஒருத்தி காப்புறுதி ஏஜெண்டாகி, "டீச்சர் கையெழுத்து வெச்சாத்தான் எனக்கு இந்த மாசம் டார்கெட் முடியும்" என்று அழாக்குறையாகக் கேட்டு, வருடங்களுக்கு முன்பே என் தலையில் ஒரு பொலிசியைக் கட்டியிருந்தாள். அன்று அவளை மனசுக்குள் திட்டினேன். இன்று ஒவ்வொரு தொழுகையிலும் அவளுக்கு துஆ கேட்கிறேன்.

டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: ஆறாவது கீமோ முடிந்த கையோடு ஊசியைத் தொடங்க வேண்டும், இடைவெளி விடக்கூடாது. அந்தக் கடிதம் வந்தபோது எங்களிடம் ஐந்து கிழமை இருந்தது. கடிதம் வந்த மறுநாளே ஒருவர் கடைக்கு வந்து, டேப்பை நீட்டி முன்பாதியை அளந்துவிட்டுப் போனார் என்று மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கணவர் எனக்குத் தெரியாமல் அந்தப் பாதியை விற்க நினைத்திருக்கிறார். மிச்சப் பாதியில் என்னத்தை அடுக்கி, யாருக்கு விற்று, எதைச் சாப்பிடுவது? "கடைய வித்து எனக்கு ஊசி போட ஏலாது" என்று கத்தினேன். கத்தியதில் வாய்ப்புண் வெடித்து இரத்தம் வந்தது.

கம்பனிக்குப் போன் எடுத்தேன். உங்கள் அழைப்பு எமக்கு முக்கியமானது என்று மூன்று பாஷையிலும் ஒரு பெண் சொன்னாள். முக்கியமென்றால் எடுங்களேன் என்று அவளுக்கும் கத்தினேன். பிறகு ஸ்காப்பைக் கட்டிக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு, கண்டி டவுனில் இருந்த அவர்களுடைய கிளைக்கே போனேன். மூன்றாம் மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. முழங்கால் உபாதைக்காரியை நடந்து வரச் சொல்லும் கம்பனி!

கோரிக்கைகளைப் பார்க்கும் அதிகாரி யாழ்ப்பாணத்துத் தம்பி. என்னைக் கண்டதும் எழும்பி, தன்னுடைய கதிரையை இழுத்துப் போட்டார்.

"இருங்கோ டீச்சர், முதல்ல மூச்சை விடுங்கோ" என்று தண்ணீர் தந்தார். பிறகு என் பைலைத் திறந்தார். "உங்கட ஆஸ்பத்திரி றிப்போட் எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா எங்கட ஆள் உங்கட றோட்டில, எதிர்வீடு, பேக்கரி எண்டு ஒம்பது பேரிட்ட விசாரிச்சிருக்கிறார். ஒம்பது பேரும் முழங்கால் எண்டுதான் சொல்லியிருக்கினம். ஒராள்கூடப் பிசகேல்லை."

"ஆஸ்பத்திரிக் கடிதம் பெரிசா, பேக்கரிக்காரர்ட வாய் பெரிசா தம்பி?"

"எனக்கு விளங்குது டீச்சர். மேலிடத்துக்கும் விளங்க வேணுமெல்லே. றிப்போட் ஒண்டு சொல்ல, அயல் வேறை சொன்னா, ஆள்மாறாட்டம் எண்டு நினைப்பினம். அந்த ஒம்பது பேரில ரெண்டு பேர், உங்கட விண்ணப்பத்தை வாசிச்சு, உண்மை இதுதான் எண்டு சமாதான நீதவானுக்கு முன்னால கையெழுத்து வைச்சுத் தரட்டும். ஒரு கிழமைக்குள்ள முடிச்சுத் தாறன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஊரை ஏய்க்க நாங்கள் சொன்ன பொய்யை ஊர் இவ்வளவு சுத்தமாக ஒப்புவித்திருக்கிறதே! அந்தத் தம்பியும் குனிந்துகொண்டு சிரித்தார்.

வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. கணவர், "ரெண்டு மாசம் பொறுப்பம், நிக்காஹ் முடியட்டும்" என்றார். ஊசி பொறுக்குமா என்று கேட்டேன். அப்போது மகள், அதுவரைக்கும் தன் கலியாணப் பேச்சில் வாயே திறக்காதவள், கேட்டாள்:

"வாப்பா, உம்மா மௌத்தாப் போனாலும் முழங்கால் வருத்தத்தில மௌத்தாப் போன எண்டா செல்லப் போறீங்க?"

கணவர் அழுதார். நானும் அழுதேன். மகள் எழுந்து போய், மறுநாள் வருகிறவர்களுக்கென்று பேக்கரிக்கு ரோல்ஸ் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டோம். ஒருத்தி எதிர்வீட்டுக்காரி, மற்றவள் பேக்கரிக்காரரின் மனைவி. இரண்டு பேரும் அந்த ஒன்பதில் இருந்தவர்கள். தேத்தண்ணி கொடுத்தேன். உட்கார்ந்தேன். சொல்ல நினைத்து வைத்திருந்த முன்னுரையெல்லாம் மறந்துபோயிற்று.

"எனக்கு முழங்கால் வருத்தமில்ல. கேன்சர். மார்புல."

என் வீட்டுக்குள்ளே அந்தச் சொல்லை நான் உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. பேக்கரிக்காரரின் மனைவி கையிலிருந்த ரோல்ஸில் இன்னொரு கடி கடித்தாள். எதிர்வீட்டுக்காரி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"தெரியும் டீச்சர்."

"என்ன தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். முதல் கிழமையே பேராதனையில ஒங்கள அந்த வார்ட்டுல கண்ட ஆள் ஈக்கி. நீங்க முழங்கால் எண்டு சென்ன. அதால நாங்களும் முழங்கால் எண்டே செல்லிட்டு இருந்த."

"அப்ப அந்த எண்ணெயெல்லாம்?"

"சும்மா சும்மா வந்து ஒங்கள எப்பிடிப் பாக்கிற? ஒரு சாட்டு வேணுமே."

ஏழு போத்தல் எண்ணெயையும் நான் மனசுக்குள் சபித்திருக்கிறேன். அதைக் காட்டிக்கொள்ளாமல், கம்பனி ஆளிடம் ஏன் பொய் சொன்னீர்கள் என்று அதட்டினேன்.

"கம்பனியா?" என்று எதிர்வீட்டுக்காரி திகைத்தாள். "நல்லா உடுத்து, கையில பைலோட ஒரு புள்ள வந்து, இந்த வீட்டு டீச்சருக்கு என்ன வருத்தம், எவ்வளவு காலமா, குடும்பத்தில யாருக்கும் ஈக்கா எண்டு கேட்டா, மாப்பிள்ள வீட்டால விசாரிக்க வந்த ஆள் எண்டுதானே நெனைக்கிற! நான் இறுக்கிச் சென்ன, முழங்கால் மட்டும்தான் எண்டு. அந்தப் புள்ள படி இறங்க முந்தி பேக்கரிக்கும் போன் போட்டுச் சென்ன."

"எனக்குப் போன் வந்த ஒடனே நான் மத்தவங்களுக்கும் எடுத்த" என்றாள் பேக்கரிக்காரரின் மனைவி, கொஞ்சம் பெருமையாக.

பெண் பார்க்க முன்பு தெருவில் விசாரிப்பது எங்கள் ஊர் வழக்கம். விசாரிக்க வந்தவனிடம் அயல்வீட்டுப் பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் பேசுவதும் வழக்கம்தான். என் மகளுக்காக ஒன்பது பேர் ஒரே மூச்சில் பொய் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பொய்தான் என் ஊசியை நிறுத்தியிருக்கிறது. யாரைக் கோபிக்க? மூன்று பேரும் சிரித்துச் சிரித்து, கடைசியில் மூன்று பேரும் கண்ணைத் துடைத்தோம்.

மறுநாள் காலையில் சமாதான நீதவான் வீட்டுக்குப் போனோம். ஓய்வுபெற்ற அதிபர், கண்டிப்பானவர். வாசிக்காமல் யாரும் கையெழுத்து வைக்கக்கூடாது என்று விண்ணப்பத்தை இரண்டு பேர் கையிலும் கொடுத்தார். பேக்கரிக்காரரின் மனைவி கடகடவென்று முடித்துக் கையெழுத்தை வைத்தாள். எதிர்வீட்டுக்காரி நடுப்பக்கத்தில் ஓரிடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"டீச்சர், இதுல வலியற்ற கட்டி எண்டு எழுதி ஈக்கி. ஒங்களுக்கு நோகல்லயா?"

"இல்ல."

"கொஞ்சமும்?"

"கொஞ்சமும் நோகல்ல. ஏன்?"

ஒன்றுமில்லை என்று கையெழுத்து வைத்தாள். எழுத்து கோணலாகப் போயிற்று. வெளியே வந்து, மற்றவள் பேக்கரிப் பக்கம் திரும்பிய பிறகு, என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எனக்கும் ஒண்டு ஈக்கி டீச்சர். இடது பக்கம். நோகாததால ஒண்டுமில்ல எண்டு நெனச்ச. நொந்தா பாப்பம் எண்டு இருந்த."

"எவ்வளவு நாளா?"

"நோம்புக்கு முந்தி."

நோன்பு முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. றோட்டென்றும் பார்க்காமல் ஏசினேன். மடச்சி, புத்தி கெட்டவளே, எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் அரை மணித்தியாலம் உட்காரத் தெரிந்ததே, இதைச் சொல்ல வாய் வரவில்லையா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு வெட்கமாகவும் இருந்தது. சொல்ல விட்டால்தானே சொல்வாள்? தெருவுக்கே நான்தான் முழங்கால் பாடம் நடத்திக்கொண்டிருந்தேனே. அடுத்த கிளினிக் நாளில் அவளைக் கையோடு பேராதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆறாம் நாள் அங்கீகாரம் வந்தது. "டீச்சர், இந்தக் கடிதத்தில எழுத்துப் பிழை இல்லை, நான் ரெண்டு தரம் பாத்திட்டன்" என்று தனியாகப் போனும் எடுத்தார். கடையை அளந்தவரிடம் கணவர் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தார். பிலிமத்தலாவைச் சம்பந்தம், நாங்கள் அவர்களிடம் உண்மையைச் சொன்ன பிறகு, மெல்ல மெல்ல நின்றுபோயிற்று. ராத்தா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். மூன்றாம் நாள், மாமியின் வருத்தத்துக்கே பயந்த மாப்பிள்ளை நாளைக்கு மனைவியின் பிள்ளைப்பேற்றுக்கு எங்கே வந்து நிற்கப் போகிறான் என்று கேட்டாள். அவளுக்கு என் நாக்கு.

என் முதல் ஊசியும் எதிர்வீட்டுக்காரியின் பயொப்சி முடிவும் ஒரே நாளில் வந்தன. அவளுக்கும் அதுதான். ஆனால் சின்னது. நல்ல நேரத்தில் வந்தீர்கள், கட்டியை மட்டும் எடுத்தால் போதும், கீமோ தேவைப்படாமலும் போகலாம் என்றார் டொக்டர். ஊசி ஏற்றி முடியும் வரை அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கி, ஆளுக்கொரு பிளேன்டீ குடித்து, மாத்தளை பஸ்ஸில் ஏறினோம். எனக்குக் கை கொஞ்சம் கடுத்தது. மற்றபடி பசி எடுத்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நல்ல பசி.

கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டும்போது அவளுடைய புருஷன் போன் எடுத்தார். பஸ்ஸில் ஒரே இரைச்சல், அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் தடவை எழும்பி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்:

"கேன்சர்! ஓ, கேன்சர்தான்! சின்னதாம், வெட்டி எடுக்க ஏலுமாம்! நீங்க அழாம சோத்த வடிச்சு வைங்க, பசியோட வாறம்!"

பஸ் முழுதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. அவள் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, சத்தமாச் செல்லிட்டனா டீச்சர் என்று கேட்டாள். நல்ல சத்தம்தான் என்றேன். அப்போது எங்களுக்கு முன் சீட்டிலிருந்த, முன்பின் தெரியாத ஒரு பெண் கழுத்தை மட்டும் திருப்பி, குரலைத் தாழ்த்தி, அந்தக் கிளினிக் எந்த நாளில் நடக்கும் என்று கேட்டாள்.