பஷீர் கட்டிய தட்டு ஸ்டாண்ட்

போன வாரம் தார்ப்பாய் வாங்கப் பூந்தமல்லியில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னையே உற்றுப் பார்த்தார்.

"இன்னா மச்சான், தெரியலியா? பஷீர். ஸ்கவுட் கேம்ப்."

தெரியாமலா? முப்பது வருஷமாக நான் மறக்கப் பார்க்கும் முகம் அல்லவா அது...

எட்டாம் வகுப்புக் கோடை விடுமுறை. திருநின்றவூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு தோப்பில் எங்கள் சாரணர் முகாம். ஒவ்வொரு அணிக்கும் ஒரு டென்ட், அதைச் சுற்றிக் கொஞ்சம் இடம். நான் புலி அணித் தலைவன். பக்கத்து இடம் கழுகு அணிக்கு, தலைவன் பஷீர். குச்சியும் கயிறும் மட்டும் வைத்துத் தட்டு ஸ்டாண்ட், செருப்பு ஸ்டாண்ட் எல்லாம் கட்ட வேண்டும். ஆணி கூடாது. சிறந்த இடத்துக்குக் கொடி.

எங்கள் ஸ்டாண்ட் பார்க்கவே பாவமாக இருந்தது. பஷீர் கட்டியதில் ஆளே ஏறி உட்காரலாம். ஸ்கவுட் மாஸ்டர் எப்படிச் சோதிப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும் — நிறைந்த வாளியைத் தூக்கி அதன்மேல் வைப்பார்.

கழுகு அணி பம்ப்செட்டுக்குக் குளிக்கப் போயிருந்த நேரம். பின்பக்கக் காலில் ஒரே ஒரு முடிச்சைத் தளர்த்திவிட்டேன். ஒரு நிமிஷ வேலைதான்.

வாளி சரிந்தது. மாஸ்டரின் ஷூ முழுக்கத் தண்ணீர்.

"ஒரு முடிச்சு போடத் தெரியாதவனுக்கு எதுக்குடா ஸ்கார்ஃப்?"

எல்லோர் முன்னாலும் பஷீரின் கழுத்திலிருந்து அதைக் கழற்றிவிட்டார். அவன் அழவில்லை. கீழே கிடந்த கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். கொடி எங்களுக்கு. கைதட்டலுக்கு நான் சிரித்தேன் — இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் உடம்பு கூசுகிறது. பஷீர் அதன்பிறகு சாரணர் பக்கமே வரவில்லை.

கடையில் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டினான். முடிச்சை இழுத்துப் பார்த்தான். மறுபடியும் இழுத்தான்.

"இன்னிக்கும் ரெண்டு தபா இஸ்த்துப் பாத்துதான் குடுப்பேன். அன்னிக்கு நான் ஒயுங்கா கட்டல... என்னை நம்பி இருந்த பசங்களுக்குக் கொடி போச்சு மச்சான்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? வாய்வரை வந்தது. ஆனால் சொன்னது வேறு.

"வுடு பஷீர், சின்னப் பசங்கதானே அப்போ."

நான் அவனை மன்னிக்கிறேனாம். எப்படி இருக்கிறது கதை?

கிளம்பும்போது அவன் சொன்னான்: "நீ பேப்பர்ல எழுதறத வாராவாரம் வுடாம படிக்கிறேன். உள்ளத உள்ளபடி எழுதற."

பஷீர், நீ போட்ட முடிச்சு சரியாகத்தான் இருந்தது. நாளைக்குக் கடைக்கு வருகிறேன்... கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து, எல்லோர் முன்னாலும் இதைச் சொல்ல.