என் வேகத்தில் ஏறியவள்

போடிக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது பார்த்தவர்கள் எல்லாம், "பொண்ணு கம்பு மாதிரில்ல இருக்கு" என்றுதான் சொன்னார்கள். நான் பிறந்த சிலமலையில் எங்கள் வீட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் காட்டில் வேலை இருந்தது. களை எடுப்பேன், பருத்தி எடுப்பேன், புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் ஓடுவேன். புகுந்த வீடு ஏலக்காய் வியாபாரம். சமைக்க ஆள் உண்டு, பாத்திரம் துலக்க ஆள் உண்டு. பின்கட்டில் கூலிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயைத் தரம் பிரிப்பார்கள். அவர்கள் பேச்சும் சிரிப்பும் என் அறை வரைக்கும் கேட்கும். நான் போய் உட்கார்ந்தால் மாமியார் உடனே கூப்பிட்டுவிடுவார். "முதலாளி வீட்டு மருமகளுக்கு அங்க என்ன சோலி? உள்ள வா."

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆனால் காய் எடுப்புத் தொடங்கிவிட்டால் மலையில்தான் இருப்பார். எப்போதாவது வருவார். குளித்து, சாப்பிட்டு, கணக்குப்பிள்ளையோடு விலை பேசிவிட்டு, மறுபடி ஜீப்பில் ஏறிவிடுவார். குழந்தையும் உண்டாகவில்லை. பகல் முழுக்க நானும் சாப்பாடும்தான்.

மாமியாரைக் குறை சொல்லமாட்டேன். பிரியத்தைக் காட்ட அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். காலையில் நெய் மினுங்கும் இட்லி, பதினோரு மணிக்கு மோரும் முறுக்கும், மத்தியானம் சோறு, மூணு மணிக்கு வடை, படுக்கும் முன் பால். தட்டில் மிச்சம் வைத்தால் முகம் வாடிவிடும். எனக்கும் சாப்பிடும்போது மட்டும்தான் யாரோ பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கைகளைப் பிரித்துத் துணி ஒட்டினார்கள். அப்புறம் புதிதாகவே தைத்தார்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் மாமியார் என்னைக் காட்டி, "வந்தப்ப எப்பிடி இருந்தா, இப்பப் பாருங்க" என்று பெருமையாகச் சொல்வார். அந்தக் காலத்தில் குண்டாக இருப்பது ஒரு கௌரவம். சோற்றுக்கு வழி இல்லாதவர்களும் நோயாளிகளும்தான் மெலிந்திருப்பார்கள் என்று எண்ணம்.

ஒரு தை மாதம் என் வீட்டுக்காரர் என்னைத் தோட்டத்தைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். போடிமெட்டு தாண்டி ஒரு இடத்தில் ஜீப்பு நின்றது. அங்கிருந்து காய் உலர்த்தும் ஸ்டோருக்குச் சரிவில் ஒற்றையடிப் பாதை. மேலே போகவேண்டும். கொஞ்ச தூரம் ஏறுவதற்குள் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. கண் இருட்டியது. ஒரு ஏலச்செடியின் அடியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பதறிப்போய் ஆட்களைக் கூப்பிட்டார். ஸ்டோரிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, என்னை அதில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி பாதி மலையாளத்தில், "ஐயோ, எந்தொரு கனம்!" என்றாள். மற்றவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். தூக்கியவர்களில் ஒருவர் நின்று தோள் மாற்றிக்கொண்டார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்ததை என் முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டே போனேன். ஒரு காலத்தில் நானும் தலையில் பாரம் சுமந்து ஓடியவள். அன்றைக்கு நானே பாரமாக இருந்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். லேடி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். "நோயின்னு ஒண்ணும் இல்லம்மா. உடம்பைக் குறைக்கணும். சோத்தைப் பாதியாக்கு. தெனம் நட, மேடு ஏறு. தனியாச் செஞ்சா விட்டுருவே. கூட ஒரு துணை வச்சுக்க. வீட்டுல சொல்லு" என்றார்.

வீட்டில் சொன்னேன். மாமியார் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"பாதிச் சோறா? எளச்சுப் போயி நீ வாசல்ல நின்னா ஊரு என்ன பேசும்? மருமகளுக்குச் சோறு போடாமக் கொல்றான்னு என்னையத்தான் சொல்லும். அந்த டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும்?"

"மூச்சு முட்டுது அத்தே."

"அது சூடு. வெந்தயம் ஊறப்போட்டுக் குடி."

சிலமலைக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒனக்கு என்ன குறைச்சல் ஆத்தா? நல்லாத்தான இருக்கே. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றாள். திரும்பி வருகிற பஸ்சில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அழுதேன். கேட்டவர்கள் எல்லாம் என்னிடம் பிரியமாகத்தான் பேசினார்கள். ஒருவர்கூட நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

ஊருக்கு மேற்கே குன்றின்மேல் பரமசிவன் கோயில் இருக்கிறது. "தெனம் சாயங்காலம் மலைக்கோயிலுக்குப் போயிட்டு வரட்டுமா?" என்று மாமியாரிடம் கேட்டேன். அவர் முகம் சட்டென்று இளகியது. "பிள்ளைக்கு நேந்துக்கிட்டியா?" என்றார். அவர் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அவரே தேங்காய் பழம் எடுத்துவைத்தார். ரெண்டு நாளில் தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது. பால்காரம்மா, எண்ணெய்க் கடைக்காரர் சம்சாரம், எதிரே வருகிற யாராயிருந்தாலும், "போயிட்டு வா தாயி, சாமி கண்ணத் தொறப்பாரு" என்றார்கள். அத்தனை ஆதரவும் எனக்குக் கிடைத்தது. ஆனால் வேறொருத்திக்குப் போய்ச் சேரவேண்டிய கடிதம் என் வீட்டுக்கு வந்துவிட்டது போல இருந்தது.

படிகளில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. நாலு படி ஏறுவேன், நிற்பேன். என்னைத் தாண்டிக் கிழவர்கள் போவார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் போவார்கள். துணைக்கு வருகிறேன் என்று பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் வந்தாள். எனக்காக நின்று நின்று அலுத்துப்போய், "நீங்க மெதுவா வாங்க, நான் முன்னால போயி நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. வீட்டுக்கு வந்தால் பசி காதை அடைக்கும். கோயிலுக்கு நடந்துவந்த மருமகள் என்று மாமியார் கூடுதலாகப் போட்டு வைத்திருப்பார். அதைத் தின்றுவிட்டுப் படுக்கும்போது என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கும்.

எங்கள் தெருக்கோடியில் ஜவுளிக்கடைக்காரர் வீடு இருந்தது. அந்த வீட்டுப் பெண் காசநோய் வந்து, மதுரைப் பக்கம் ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்து திரும்பியிருந்தாள். குணமாகிவிட்டது என்று டாக்டர்கள் சொல்லித்தான் அனுப்பினார்கள். புருஷன் வீட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை. பிறந்த வீட்டிலும் அவளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். தெருவில் அவள் வந்தால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். நானும் அவளோடு பேசியதில்லை.

ஒருநாள் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். எனக்குக் கொஞ்சம் கீழே இன்னொருவர் மூச்சு வாங்குவது கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவள். எலும்பும் தோலுமாக, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அடுத்த நாலு படி ஏறினேன். அவளும் ஏறினாள். நான் நின்றேன். அவளும் நின்றாள். கொஞ்ச நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

"எம் பின்னாடியே வர்றியா தாயி?"

"இல்ல மதினி. எனக்கும் அதுக்கு மேல ஏற முடியல. நெஞ்சுல காத்து நிக்கமாட்டேங்குது. நல்ல காத்துல மெள்ள மெள்ள மேடு ஏறச் சொல்லியிருக்காக."

"எனக்கும் டாக்டரம்மா ஏறத்தான் சொன்னாக."

"பிள்ளைக்கு நேந்திருக்கீகன்னு பேசிக்கிட்டாகளே?"

"ஒடம்பக் குறைக்க ஏறுறேன்."

முதல்முறையாக அதை ஒருத்தியிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முடியும் மதினி. நான் படுக்கையில திரும்பிப் படுக்கவே ஆளத் தேடுனவ. இப்ப இங்க நிக்கிறேன்ல" என்றாள்.

அதற்குப் பிறகு சேர்ந்தே ஏறினோம். தெருவில் தனித்தனியாக வந்து, அடிவாரத்தில் சேர்ந்துகொள்வோம். அவள் எனக்காக நிற்கவில்லை, நான் அவளுக்காக நிற்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தான் மூச்சு முட்டியது. யாரோடாவது சேர்ந்து நடக்கும்போது கூச்சம் இல்லாமல் இருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

மாமியார் கொடுக்கிற வடையையும் முறுக்கையும், "கோயில்ல வச்சுச் சாப்பிட்டுக்கிறேன்" என்று இலையில் கட்டி எடுத்துக்கொண்டு போவேன். அவள் சாப்பிடுவாள். அவளுக்கு முட்டையும் பாலும் நிறையச் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் அவளுக்கென்று யார் மெனக்கெடுவார்கள்? முதலில் தயங்கினாள்.

"எங்கிட்ட ஒக்காந்து திங்கிறதப் பாத்தா ஒங்க வீட்டுல ஏசுவாக மதினி."

"ஏசட்டும். நீ திங்கலைன்னா நான் தின்னுருவேன். எனக்காகத் தின்னு."

அவள் ஒரு வடையை வாயில் போட்டுக்கொண்டு, "ஒங்க சதையில கொஞ்சம் கடனாக் குடுத்தா ரெண்டு பேரும் ஒரே நாள்ல தேறிருவோம்" என்றாள். படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தோம். எனக்கு மனசு தளர்கிற நாட்களில் அவள் விடமாட்டாள். "இன்னிக்கு வேணாம் தாயி, கால் வலிக்குது" என்பேன். "அந்தத் திருப்பம் வரைக்கும் வாங்க, அங்க போயி யோசிப்போம்" என்பாள். திருப்பத்தில் போய் நின்றதும் அடுத்த திருப்பத்தைக் காட்டுவாள். அவள் இருமல் வந்து குனிந்து நிற்கும்போது நான் முதுகைத் தடவுவேன். என் மூச்சு முன்னைப் போல அடைக்கவில்லை என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். "இன்னிக்கு ஏறுறப்ப பேசிக்கிட்டே வந்தீக, கவனிச்சீகளா?" என்றாள்.

யாரோ பார்த்துவிட்டுப் போய் மாமியாரிடம் சொல்லிவிட்டார்கள். ஒரு சாயங்காலம் நான் வாசலில் கால் வைத்ததும் அவர் எதிரே வந்து மறித்தார்.

"அந்த நோக்காட்டுக்காரி கூடவா ஒக்காந்து பேசுறே? அது தொத்திக்கிட்டா என்ன ஆகும்? வயித்துல ஒண்ணு தங்கணும்னு கோயிலுக்கு அனுப்புனா நீ சாவ வாங்கிட்டு வர்றியா?"

"அவளுக்குக் குணமாயிருச்சு அத்தே. டாக்டரே சொல்லிட்டாக."

"நீ எளச்சுக்கிட்டு வர்றதே அதனாலதானோ என்னமோ!"

அவர் உண்மையிலேயே பயந்துவிட்டார் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. என்னால் கோபப்பட முடியவில்லை. நேர்த்திக்கடனை நடுவில் நிறுத்தினால் குற்றம் என்ற பயம் அவருக்கு இருந்ததால் கோயிலுக்குப் போவதைத் தடுக்கவில்லை. ஆனால் சமையற்கார அம்மாவைக் கூட அனுப்பினார். அவர் அடிவாரத்தில் உட்கார்ந்து யார் ஏறுகிறார்கள் என்று பார்ப்பார். என் தோழி எங்களைத் தூரத்தில் பார்த்ததும் ஒதுங்கிக்கொண்டாள். நான் ஏறிப் போன பிறகு ஏறுவாள். நான் இறங்குகிறபோது அவள் எதிரே வருவாள். ஒருவரை ஒருவர் தாண்டுகிற அந்த நேரத்தில் தலையைக் குனிந்தபடியே, "விட்டுராதீக மதினி" என்பாள். "நீயும்" என்பேன். அவ்வளவுதான்.

ஆடி பிறந்து ஒருநாள், படியில் தாண்டும்போது அவள் நின்றாள்.

"நான் போறேன் மதினி. அந்த ஆஸ்பத்திரியிலேயே பொம்பளைக வார்டுக்கு ஆள் வேணுமாம். வர்றியான்னு கேட்டாக."

"மறுபடி அங்கயா?"

"அங்க என்னையப் பாத்து யாரும் வெலகிப் போகமாட்டாகல்ல."

கீழே சமையற்கார அம்மா எழுந்து நின்று கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். முன்பு பிடித்தபோது எலும்பு குத்தும். இப்போது உள்ளங்கை கொஞ்சம் மெத்தென்று இருந்தது. மறுநாள் மதுரை பஸ்சு எங்கள் தெருமுனையைத் தாண்டியபோது நான் மாடி ஜன்னலில் நின்றேன். அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியவில்லை.

பிறகு தனியாகத்தான் ஏறினேன். முதல் வாரம் மிகவும் கஷ்டமாக இருந்தது. திருப்பத்தில் நின்று, "அடுத்தது வரைக்கும் போவோம்" என்று நானே வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். வடைகளை அடிவாரத்தில் உட்கார்ந்திருக்கிற பிச்சைக்காரர்களுக்குக் கொடுத்தேன். உடம்பு மெள்ள இறங்கியது. வீட்டுக்காரர் மலையிலிருந்து வந்த ஒரு காலையில், "என்ன எளச்சுப் போயிட்டே? மேலுக்குச் சரியில்லையா?" என்றார். "நல்லாயிருக்கேன். குறைக்கணும்னுதான் குறைச்சேன்" என்றேன். "அப்பிடியா" என்று சொல்லிவிட்டு ஜீப்பு வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார்.

பொங்கலுக்கு வளையல்காரர் வந்தார். என் விரல்களை மடக்கிப் பிடித்து வழக்கமான அளவைப் போட்டார். வளையல் முழங்கை வரைக்கும் ஓடியது. "தாயி, சின்ன அளவுதான் சரி. கை நல்லா வாகாயிருச்சு" என்றார். ஊரில் அதை நல்ல சேதியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். மாமியார் பக்கத்தில் இருந்துகொண்டு, "வாகாவது ஒண்ணாவது! சத்தே ஒட்டலைப்பா அவளுக்கு" என்றார்.

குழந்தை எங்களுக்குப் பிறக்கவே இல்லை. அதனால் ஊரைப் பொறுத்தவரை என் நேர்த்தி பலிக்கவில்லை. எண்ணெய்க் கடைக்காரர் சம்சாரம் ஒருநாள் கோயில் அடிவாரத்தில் என் தோளைத் தொட்டு, "எத்தனை நாளா ஏறுறே! அந்தச் சாமிக்குக் கண்ணில்லையா?" என்று கலங்கினார். நான் மூச்சு முட்டாமல் மேலே போய் வந்து நிற்கிறேன், நான் கேட்டது கிடைத்துவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "பரவாயில்லைக்கா" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

சமையற்கார அம்மா வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருந்தார். ஊரில் விளக்கு ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். இருவரும் வீட்டுக்கு நடந்தோம்.