இராசவள்ளி

ஒரு ஞாயிறு மத்தியானம் மாமா நோர்வேயில் ரொம்சோஸ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கூட்டிவந்தார். அம்மாவின் தம்பியான மாமா அப்போது எங்களோடுதான் இருந்தார். "என்னோடை முதியோர் இல்லத்திலை வேலை செய்யிறவ, அக்கா" என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்ல மாமாவுக்கு எதற்குப் புதுச் சட்டை என்று நான் யோசித்தேன்.

வந்தவர் சாப்பாட்டோடு வந்திருந்தார். தங்கள் நாட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு எவற்றைக் கொடுப்பார்களோ, அவற்றையே சமைத்தாராம். எங்கள் பொரித்த ரோல்ஸை விரல் பருமனுக்குச் சுருக்கியதுபோல லும்பியா. வினாகிரியும் சோயாவும் விட்டு வேகவைத்த அடோபோ கோழி. பன்சித் என்ற நூடில்ஸை நான் முள்ளுக்கரண்டியால் வெட்டப்போனதும் பதறிப்போய் என் கையைப் பிடித்தார். அது நீண்ட ஆயுளுக்காகச் சாப்பிடுவதாம், வெட்டக்கூடாதாம். அவர் நோர்வேஜிய மொழியில் சொன்னதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா எல்லாவற்றிலும் மரியாதைக்குக் கொஞ்சம் எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கியிருந்தார்.

கடைசியில் அவர் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைத் திறந்தார். ஊதா நிறத்தில் களி. "ஊபே" என்று சொல்லி அம்மாவிடம் கரண்டியை நீட்டினார்.

அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"இது இராசவள்ளிக் கிழங்கெல்லோ! எங்கை வாங்கினவ, கேள்!"

நகரத்து ஆசியக் கடையில், உறையவைத்த கிழங்கு. நான் சொல்லி முடிக்குமுன்பே அம்மா தங்கள் வளவு வேலியில் அந்தக் கொடி படர்ந்த கதையைத் தொடங்கிவிட்டார். வந்தவர் பதிலுக்குத் தன் வீட்டுக் கொடியைக் காற்றில் வரைந்து காட்டினார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். என் மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. மாமா யன்னலோரம் நின்று எங்களை மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்.

அவரை ரயிலேற்றிவிட்டுத் திரும்பிய மாமா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"நல்ல பிள்ளை" என்றார் அம்மா, கோப்பைகளைக் கழுவியபடி. "ஆனா ஊரிலை எங்கடை ஐயாவுக்கு நான் என்னெண்டு சொல்லுறது? இனி இஞ்சை கூட்டிக்கொண்டு வராதை."

"நீங்கள்தானே அக்கா கையைப் பிடிச்சுக் கதைச்சனீங்கள்?"

"ஓம், கதைச்சனான்." அம்மா அடுத்த கோப்பையை எடுத்தார்.

அந்தக் குளிர்காலத்திலேயே மாமா தூரத்துப் பேர்கன் நகரத்தில் வேலை எடுத்துக்கொண்டு போனார். பிறகு ஊரிலிருந்து வந்த சம்பந்தங்கள் எதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. இன்றும் தனியாகத்தான் இருக்கிறார். அம்மா தொலைபேசியில் அவரிடம் எப்போதும் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்பார்.

அந்த ஞாயிறுக்கு மறுநாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, அம்மா குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் நின்றபடி மிச்சக் களியை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"அந்த அன்ரி திரும்ப எப்ப வருவா, அம்மா?"

"போய் உடுப்பை மாத்து."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நானும் அழுதேன். எனக்கென்று ஒரு வாய்கூட அம்மா மிச்சம் வைக்கவில்லை என்பதுதான் அன்றைக்கு எனக்குத் தெரிந்த துக்கம்.