பல்லிடுக்குக்கு ஒரு முழம் நூல்

சிங்காநல்லூரில் ஒரு நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். நூல் எத்தனை நம்பர், எவ்வளவு முறுக்கு, எவ்வளவு பிசிறு, எந்த இழுவைக்கு அறும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், நூலைப் பற்றித் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு கீழ்வரிசையில் கடைசி இரண்டு கடவாய்ப் பற்களுக்கு நடுவே சந்து விழுந்தது. முருங்கைக்காய் சாப்பிட்டால் அதன் நார் நேராக அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். நான் அதைக் குண்டூசியால் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஈறு வீங்கிக் கன்னம் ஒரு பக்கம் தடித்துவிட்டது. பல் டாக்டரிடம் போனேன். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "எதுலம்மா குத்துனீங்க?" என்று கேட்டார்.

பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடி வாய்க்குள் இருந்ததால் என்னால் பேச முடியவில்லை.

"குண்டூசிங்களா?"

தலையாட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை. தினமும் படுக்கும் முன் ஒரு முழம் நூல் எடுத்து, இரண்டு கை நடுவிரலிலும் சுற்றி, பல்லுக்கு நடுவே மெதுவாக விட்டு எடுக்கச் சொன்னார். மருந்துக்கடையில் அந்த நூல் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் கிடைத்தது. புதினா வாசம் போட்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். விரலால் பல்பொடி தேய்ப்பவர். முப்பத்திரண்டு பல்லும் அப்படியே இருக்கிறது. நான் கண்ணாடி முன்னால் நின்று நூல் போடுவதை முதல் நாள் பார்த்தவர், "மில்லுல எட்டு மணி நேரம் நூலு பாக்கறது பத்தாதாக்கும்," என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டார்.

பல்லுக்குப் போட்ட நூலை நான் சமையலறையில் காய்கறித் தோல் போடும் வாளியில் போட்டுவந்தேன். ஏன் குப்பைக்கூடையில் போடவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். பருத்தி மில்லில் இத்தனை வருடம் இருந்தால், நூல் என்றாலே மட்கிப்போகும் பொருள் என்று கை முடிவு செய்துவிடுகிறது. தலையைக் கேட்பதில்லை.

அந்த வாளியைத் தினமும் காலையில் பின்சந்தில் மாடு வைத்திருக்கும் பெண் வந்து மாடுகளுக்குப் போட எடுத்துப்போவாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். காலையில் பால் கறந்து ஊற்றிவிட்டு, பகலில் ஒரு வார்ப்படப் பட்டறைக்கு வேலைக்குப் போவாள். இரண்டு மாடுகள். ஒன்று சினையாக இருந்தது.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வாளி எடுக்க வந்தபோது முகம் சரியில்லை.

"ஏனுங்க்கா, சினை மாடு ரெண்டு நாளா தண்ணி காட்டுனாலும் குடிக்க மாட்டீங்குது. அசையே போடலீங்க. வயிறு உப்பிக் கெடக்குது. இன்னிக்கி சாணியில இது வந்துச்சுங்க." ஒரு செய்தித்தாள் துண்டைப் பிரித்துக் காட்டினாள். "நீங்க மில்லுல நூலு பாக்கறவுங்களாச்சே. இது என்ன நூலுங்க?"

நான் அதை விரலில் எடுத்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. கழுவிக் கொண்டுவந்திருந்தாள். வெள்ளை. முறுக்கே இல்லாத நைலான் இழைகள், மேலே மெழுகுப் பூச்சு. நீளம் சரியாக ஒரு முழம்.

"தெரியலையே அம்மணி," என்றேன்.

இருபத்தாறு வருடத்தில் ஒரு நூலைப் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் காகிதத்தை மடித்து வாளியை எடுத்துக்கொண்டு போனாள். நான் உள்ளே வந்து சாம்பாருக்குத் தாளித்தேன். கடுகு கருகிவிட்டது.

மாட்டு டாக்டர் மறுநாள் வந்தார். நான் அன்று மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, துணி காயப்போடும் சாக்கில் பின்பக்கமே நின்றேன். கோயில் அன்னதானத்தில் மிஞ்சிய சோற்றை யாரோ குண்டானோடு கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், மாடு அளவுக்கு மேல் தின்றிருக்கிறது, அதுதான் காரணம் என்றார். ஊசி போட்டார். நூலைக் காட்டியபோது, "இந்த ஒண்ணு வெளிய வந்துருச்சு. உள்ள எத்தனை இருக்கோ, அதெல்லாம் சேந்து உருண்டையாகிடக் கூடாது," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

உள்ளே எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏறக்குறைய நாற்பது நாள், நாளுக்கு ஒன்று.

மாடு மூன்றாம் நாள் அசைபோட ஆரம்பித்தது. நான் நூல் போடுவதை நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் ஈறில் ரத்தம் வந்தது. குண்டூசியைத் தேடினேன், வீட்டுக்காரர் அதைக் காலண்டர் மாட்டப் பயன்படுத்திவிட்டார். அப்புறம்தான் மட்கக்கூடிய பல் நூல் என்று ஒன்று உண்டா எனத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் கைக்கெட்டிய பருத்தி நூலையே எடுத்தேன். நாற்பதாம் நம்பர், இரண்டு புரி. மதிய இடைவேளையில் அதை டம்ளர் தண்ணீரில் நனைத்து வலு பார்க்கும் எந்திரத்தில் மாட்டினேன். மேலாளர் அந்த வழியாக வந்தார்.

"இது எந்தப் பார்ட்டி சாம்பிள்ங்க?"

"சொந்தப் பார்ட்டி சார்."

"எதுக்கு நனைச்சிருக்கீங்க?"

"அவங்க ஈரத்துலதான் உபயோகிப்பாங்க சார்."

அவர் குறித்துக்கொண்டு போனார். பருத்தி நூல் நனைந்தால் வலு கூடும், அதில் குறையில்லை. குறை பிசிறில் இருந்தது. வாயில் போட்டால் பல்லிடுக்கில் முருங்கை நாருக்குப் பதிலாகப் பஞ்சு மாட்டிக்கொண்டது. அதை எடுக்க இன்னொரு நூல் வேண்டியிருந்தது.

அடுத்து, மக்காச்சோளத்திலிருந்து செய்த நூல் என்று ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். அட்டைப்பெட்டியில் இலை படம் போட்டு 'மட்கும்' என்று பச்சை எழுத்தில் இருந்தது. அடியில் பொடி எழுத்தில், 'தொழிற்சாலை முறையில்' என்று இருந்தது. அப்படியென்றால் என்னவென்று கேட்டு எழுதினேன். அதிக சூட்டில் வைத்திருக்கும் பெரிய உரக் கூடங்களில் போட்டால் மட்கும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. என் தங்கை வீட்டுக்காரர் பெருந்துறை தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். அவரிடம் போன் போட்டு, அங்கே அப்படி ஏதாவது உண்டா என்று விசாரித்தேன். எத்தனை டன் சரக்கு என்று கேட்டார். ஒரு நாளைக்கு ஒரு முழம் என்றேன். அவர் தங்கையிடம் போனைக் கொடுத்துவிட்டார். அவள் எனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

மிச்சம் இருந்தது பட்டு. கோபிசெட்டிபாளையத்தில் என் சித்தி மகன் பட்டுப்புழு வளர்க்கிறான். அவனுக்குத் தெரிந்த இடத்திலிருந்து ஒரு சிட்டம் கச்சாப் பட்டு வாங்கி வந்தேன். புழு விட்ட பசையை எடுக்காத பட்டு கம்பி மாதிரி விறைப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஈறை அறுத்துவிட்டது. கடைசியில் பசை நீக்கி மெழுகு தடவிய பட்டு நூலை ஆன்லைனில் வாங்கினேன். சின்னக் கண்ணாடிக் குப்பி, தீர்ந்தால் காகிதத்தில் சுற்றிய நூலை மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். குப்பை வராத பொருள் என்றார்கள். கண்ணாடி உடையாமல் இருக்க, ஒரு தலையணை அளவுக்குக் காற்றுக் குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றி அனுப்பியிருந்தார்கள்.

"பட்டுன்னா புழுவச் சாகடிக்கோணுமே," என்றார் வீட்டுக்காரர்.

"மத்தியானம் கறிக்கொழம்பு ரெண்டு தடவை வாங்குனீங்களே."

"அது வேற."

பட்டு நூல் வழவழவென்று போய் வந்தது. அறவில்லை, பிசிறில்லை. ஆனால் மட்கும் என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்பும் நிலையில் நான் இல்லை. மண்ணில் போட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டைச் சுற்றிலும் சிமெண்ட் தளம். மண் இருப்பது பின்சந்துக்காரியின் எருக்குழியில்தான். அங்கே இடம் கேட்க வேண்டுமென்றால் எதற்கென்று சொல்ல வேண்டும். எதற்கென்று சொன்னால் மார்கழியில் நான் சொன்ன பொய்யையும் சொல்ல வேண்டும். இதற்கு நான் பத்து நாள் எடுத்துக்கொண்டேன்.

தை கடைசியில் ஒரு சாயங்காலம் போனேன். அவள் மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தாள். கன்று பிறந்து ஒரு வாரமாகியிருந்தது.

"அம்மணி, அன்னிக்கி நீ கொண்டுவந்த நூலு என்னோடது. பல்லு சுத்தம் பண்ணுறது. வாளியில போட்டுப்போட்டேன். கேட்டப்போ தெரியாதுன்னு சொல்லிப்போட்டேன்."

அவள் கையை எடுக்காமல் கலக்கினாள்.

"தெரியுங்க்கா."

"எப்படித் தெரியும்?"

"சாணியிலயும் புதினா வாசம் அடிச்சுதுங்க. உங்க வாளியிலயும் அதே வாசந்தானுங்க. நம்ம வீதியில புதினா போட்டு நூலு வெச்சிருக்கறது வேற யாருங்க?"

"அப்புறம் ஏன் என்கிட்டயே வந்து கேட்ட?"

"நீங்களா சொல்லுவீங்கன்னுதானுங்க."

மன்னிப்புக் கேட்கலாமென்று வாயைத் திறந்தேன். "அந்த வாளியத் தள்ளி வையுங்க்கா, கண்ணுக்குட்டி வருது," என்றாள். தள்ளி வைத்தேன். மன்னிப்பு அதோடு நின்றுவிட்டது. பிறகு எருக்குழி விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு அது ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை. அவளே போய் நான்கு குச்சி ஒடித்துக்கொண்டு வந்தாள்.

நைலான், பருத்தி, மக்காச்சோளம், பட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு முழம் எடுத்து, ஒவ்வொரு குச்சியில் சுற்றி, குழியின் நான்கு மூலைகளில் புதைத்தோம். எது எந்த மூலை என்று எழுதி நான் பரிசோதனைக் கூடத்துப் பதிவேட்டின் பின்பக்கம் ஒட்டிவைத்தேன். அதோடு, மிஞ்சிய நைலான் டப்பாவை என்ன செய்வது என்ற கேள்வி இருந்தது. தூக்கிப்போட மனம் வரவில்லை. வீட்டுக்காரர் அதைப் பட்டறைக்கு எடுத்துப்போய்க் காயில் முனைகளைக் கட்டத் தீர்த்துவிட்டார். ஒரு விவசாயி மோட்டாரை வாங்கும்போது முகர்ந்து பார்த்து, இதில் என்ன ஆயில் விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாராம்.

ஆடியில் எரு அள்ளும்போது அவள் கூப்பிட்டாள். பருத்திக் குச்சியில் ஒன்றுமே இல்லை, குச்சி மட்டும் இருந்தது. பட்டு பழுப்பேறி, தொட்டதும் துண்டு துண்டாக உதிர்ந்தது. மக்காச்சோள நூலைக் கழுவினால் திரும்ப உபயோகிக்கலாம் போலிருந்தது. நைலான் புதைத்த அன்று இருந்ததைவிடச் சுத்தமாக இருந்தது. மெழுகுதான் போயிருந்தது.

"அப்ப பட்டுத்தானுங்க்கா," என்றாள். "எங்க சம்பந்தி ஊட்டுலயே பட்டு கட்டறதுக்கு நாளு பாப்பாங்க. நீங்க தினமும் பல்லுக்குக் கட்டுங்க."

அன்றுதான் கவனித்தேன், பேசும்போது அவள் ஒரு கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, மூன்று வருடமாகவே இப்படித்தான், கிராம்பு வைத்தால் அடங்கிவிடும் என்றாள். சனிக்கிழமை பட்டறைக்கு லீவு போடச் சொல்லி, என் வண்டியில் பின்னால் உட்காரவைத்துப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒரு பல்லைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் எடுத்துவிட்டார். பிறகு என் வாயையும் பார்த்தார். ஈறு நன்றாக இருக்கிறது, என்ன நூல் போடுகிறீர்கள் என்று கேட்டார். நான் நான்கு நூல்களையும் எருக்குழியையும் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றாமலேயே கேட்டுக்கொண்டிருந்தார்.

"குழியில போட்ட நூலத் திரும்ப வாயில போடலயில்லம்மா?"

"இல்லீங்க."

அவர் நிம்மதியானார். நாங்கள் கிளம்பும்போது அவளிடம் அதே புதினா நூலின் சாம்பிள் டப்பா ஒன்று கொடுத்தார், கம்பெனிக்காரர்கள் இலவசமாகத் தருவது. அவள் வாயில் பஞ்சை வைத்துக் கடித்திருந்தாள். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டு, வேண்டாம் என்று கையால் காட்டினாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிப் படியில் இருவரும் நின்றோம். அவள் பஞ்சைத் துப்பிவிட்டு, நாக்கால் அந்த இடத்தைத் துழாவிப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, இந்தப் பக்கம் இனி நூலு போட வேண்டீதில்லீங்களா?"

"பக்கத்துப் பல்லுக்குப் போடோணும் அம்மணி."

"அதுவுஞ் சரிதானுங்க," என்றாள். மழை விடவில்லை. காலையில் எடுக்காத வாளி அப்படியே இருக்கும் என்று சொல்லி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.