குற்றாலம் போய்த் தலை நனையாமல் வந்தவர்

காலை ஆறரைக்குத் தூத்துக்குடியில் பேருந்து ஏறினோம். கொச்சியிலிருந்து புதுச்சேரிக்குப் பாய்மரப் படகில் கிளம்பிய தம்பதி நாங்கள். கிழிந்த பாய் தையலுக்குப் போயிருந்தது, படகு துறையில் கிடந்தது. என் தோளில் துணிப்பை. மாலையில் தென்காசியிலிருந்து சென்னைக்கு ரயிலேறிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். நான் போய்விட்டால் இந்தப் பயணம் அதோடு சரி. ஒருவர் சுக்கான் பிடித்தால் இன்னொருவர் பாயைப் பார்க்க வேண்டும். தனியாளால் ஆகாத காரியம்.

காரணம் ஒரு குவளைத் தண்ணீர். படகில் கடல்நீரில் குளித்துவிட்டு, கடைசியாக ஒரே ஒரு குவளை நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம் என்பது சட்டம். கன்னியாகுமரி தாண்டிய அன்று நான் இரண்டாவது குவளையும் ஊற்றிக்கொண்டேன். அதற்கு என் கணவர் செல்வம் போட்ட சத்தம் இருக்கிறதே! ஒரு குவளைத் தண்ணீருக்கு ஒரு மனுஷன் இப்படியா கத்துவான்? "குற்றாலத்தில் ஆசை தீரக் குளித்துவிட்டு அப்படியே ஊருக்குப் போகிறேன்" என்றேன். அவரும் கூடவே கிளம்பினார். கையில் இரண்டு புது பத்து லிட்டர் கேன்கள். எதற்கு என்று கேட்டால், "சும்மா" என்றார்.

திருநெல்வேலியில் வண்டி மாறினோம். பாவூர்சத்திரம் சந்தையில் காய்களைப் போட்டுவிட்டு, காலிச் சாக்குகளோடு ஏறிய அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்கேருந்து வாறிய?"

"கடல்லேருந்து" என்று படகுக் கதையைச் சொன்னேன்.

"நல்லாருக்கே! அம்புட்டுத் தண்ணியில கெடந்துட்டு, இங்கன குளிக்கவா வாறிய?"

பேருந்தே சிரித்தது. முன்னிருக்கையில் செல்வம் மட்டும் சிரிக்கவில்லை.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். புரட்டாசி பிறந்தும் சாரல் விடவில்லை; வெயிலும் தூறலும் சேர்ந்தே முகத்தில் விழுந்தன. ரம்புட்டான் கடைகளைத் தாண்டி, பதினைந்து ரூபாய் சுக்குக் காபியைக் குடித்துவிட்டுப் பேரருவிக்கு நடந்தோம். அங்கே ஆண்கள் வரிசை தனி, பெண்கள் வரிசை தனி. கேன்களோடு அவர் அந்தப் பக்கம் போனார்.

ஐயோ, அந்தத் தண்ணீர்! முதுகில் தொம்தொம்மென்று விழுந்தது. எனக்குக் கால் வேறு இன்னும் படகில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டு ஆடிற்று. "ஏட்டி, கம்பியப் புடி!" என்று பக்கத்தில் நின்றவள் என் கையைப் பற்றிக்கொண்டாள். முன்பின் தெரியாத நாங்கள் இருவரும் சேர்ந்து கூவினோம். முடியை நாராக்கியிருந்த உப்பெல்லாம் போயிற்று. இது எத்தனை குவளை இருக்கும் என்று செல்வத்திடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அவர் ஞாபகம் வந்ததும் கோபமும் கூடவே வந்தது.

அதற்குள் விசில். தண்ணீர் கூடுகிறதாம், இரண்டு பக்கமும் எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். உடை மாற்றிவிட்டு வெளியே வந்தால், இரு கையிலும் கேன்களோடு இருந்த செல்வத்தைக் காவலர் ஒருவர் தோளைப் பிடித்து அழைத்து வருகிறார்.

"யம்மா, இவுக ஒங்க வீட்டுக்காரரா? ஊரே குளிக்க நிக்கி, இவுக ஓரமா குத்தவச்சு கேன்ல தண்ணி புடிக்காவ. குத்தாலம் என்ன தெருக்குழாயா? விசிலடிச்சாலும் எந்திரிக்க மாட்டேங்காவ!"

சாரலில் சட்டைதான் ஈரம். அருவித் தண்ணீர் அவர் தலையில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

"ரெண்டையும் ரொப்பிட்டுக் குளிக்கலாம்னு பார்த்தேன். மூடிட்டாங்க" என்றார். பிறகு தரையைப் பார்த்தபடி, "இது உன் தண்ணி. எத்தனை குவளை ஊத்தினாலும் கேட்க மாட்டேன். நீ ரயில்ல போனாலும் இதை நான் தொட மாட்டேன்."

பாவி மனுஷன்! திட்டவும் முடியவில்லை, அழுகைதான் வந்தது.

தென்காசி வந்ததும், "ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடிக்கவா?" என்று மெல்லக் கேட்டார். ஒரு கேனை நான் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிப் பேருந்தில் ஏறினேன். பின்னால் ஏறிய செல்வத்தின் கேனை நடத்துநர் தட்டிப் பார்த்தார். "வெறும் தண்ணியா? எல்லாரும் அல்வா வாங்கிட்டுப் போவாவ, அண்ணாச்சி!"

பொழுது சாயும் நேரத்தில் துறைக்கு வந்து சேர்ந்தோம். படகில் ஏறியதும் கேனைத் திறந்து குவளையை நிரப்பினேன்.

"உட்காருங்க."

"ஏய், அது உன் தண்ணி."

"அதான். யார் தலையில ஊத்தணும்னு நான்தான் முடிவு பண்ணணும்."

ஊற்றினேன். சிலிர்த்துப் போய் எழப் பார்த்தவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்து, இரண்டாவது குவளையையும் ஊற்றினேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என்னைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டார்.